தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டம்

தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டம் என்பது, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்திலோ கொல்லைப்புறத்திலோ மொட்டை மாடியிலோ வீட்டார் தம் தேவைக்காகவும் மனமகிழ்ச்சிக்காகவும் வளர்க்கும் பூச்செடிகள், காய்கறிகள், கீரைகள், மூலிகைகள், பழமரங்கள் ஆகியவற்றின் தொகுதியைக் குறிக்கும். இத்தோட்டங்களின் ஆண்டுச் சுழற்சியைத் தீர்மானிப்பவை மழையும் வெயிலும் ஆகும். குளிரின் பங்கு மிகக் குறைவு. குளிர்நாடுகளில் பல செடிகள் பனிக்காலத்தில் உறங்கி இளவேனிலில் துளிர்க்கின்றன. தமிழ்நாட்டுச் சமவெளிகளில் இது ஏறக்குறைய நேர்மாறாக நிகழ்கிறது. மார்கழியும் தையும் பெரும்பாலான தோட்டச் செடிகள் செழித்து நிற்கும் மாதங்கள். சித்திரையும் வைகாசியும் அவை உயிரைக் காத்துக்கொண்டு காத்திருக்கும் மாதங்கள். ஆகவே குளிர்நாட்டுத் தோட்டக்கலை நூல்களின் நாள்காட்டி இங்கு அப்படியே பொருந்துவதில்லை. எந்தச் செடியை எந்த இடத்தில் எந்தப் பட்டத்தில் நடுவது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், பின்னர் தேவைப்படும் பராமரிப்பின் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது.

பருவங்களும் பட்டங்களும்

பழந்தமிழ் இலக்கண நூலான தொல்காப்பியம் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. அவையாவன:

* கார் - ஆவணி, புரட்டாசி
* கூதிர் - ஐப்பசி, கார்த்திகை
* முன்பனி - மார்கழி, தை
* பின்பனி - மாசி, பங்குனி
* இளவேனில் - சித்திரை, வைகாசி
* முதுவேனில் - ஆனி, ஆடி

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கிறது. சனவரி, பிப்ரவரி மாதங்கள் குளிர்காலம். மார்ச் முதல் மே வரை கோடைக்காலம். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்திருப்பதால், இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை தரும் தென்மேற்குப் பருவக்காற்று தமிழ்நாட்டின் சமவெளிகளுக்குக் குறைந்த மழையையே தருகிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. கடலோர மாவட்டங்களில் இப்பங்கு இன்னும் அதிகம். ஆண்டுத் தேவைக்கான நீரின் பெரும்பகுதி மூன்றே மாதங்களில், அதிலும் சில நாள்களில் கொட்டித் தீர்ப்பதே இங்குள்ள தோட்டங்களின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

தமிழ்நாடு ஏறத்தாழ 8 பாகை முதல் 13.5 பாகை வரையிலான வட அகலாங்குகளில் அமைந்துள்ளது. இதனால் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு தென்கோடியில் ஒரு மணி நேரமாகவும், சென்னையில் ஒன்றரை மணி நேரமாகவும் மட்டுமே இருக்கிறது. ஆயினும் இச்சிறு வேறுபாட்டைச் சில செடிகள் உணர்கின்றன. சாமந்தியும் நாட்டு அவரையும் பகல் குறுகும்போதே நன்கு பூக்கும் இயல்புடையவை. ஆடியில் விதைத்த நாட்டு அவரை பல மாதங்கள் கொடியாகவே படர்ந்து மார்கழி, தை மாதங்களில் காய்ப்பதற்குக் காரணம் இதுவே. இதை அறியாதோர், கொடி மலடு என்று எண்ணி ஐப்பசியிலேயே பிடுங்கிவிடுவது உண்டு.

விதைப்பதற்கு உகந்த காலம் உழவர் வழக்கில் பட்டம் எனப்படுகிறது. ஆடிப்பட்டம், தைப்பட்டம் ஆகிய இரண்டும் வீட்டுத் தோட்டத்திற்கு முதன்மையானவை. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழிக்குத் தாவரவியல் அடிப்படை உண்டு. ஆடியில் முளைக்கும் நாற்று ஆவணி, புரட்டாசி மாதங்களின் இடைவிட்ட மழையில் வேரூன்றுகிறது. ஐப்பசியில் பெருமழை தொடங்கும்போது அதைத் தாங்கும் வலிமை பெற்றுவிடுகிறது. மழை ஓய்ந்து வெப்பம் தணிந்திருக்கும் காலத்தில் பூத்துக் காய்க்கிறது. அதே விதையை ஐப்பசியில் ஊன்றினால், முளைக்கும் பருவத்திலேயே வேர்ப்பகுதி அழுகி மடிய வாய்ப்புண்டு.

வரலாறு

தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் கொல்லைப்புறம் நெடுங்காலமாகவே தோட்டமாகப் பயன்பட்டு வந்துள்ளது. கிணற்றடியிலும் குளியலறையிலும் வழியும் நீரை வாழை, சேம்பு, கல்வாழை ஆகியவற்றுக்குத் திருப்பிவிடுவதும், முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, துளசி ஆகியவற்றை வீட்டுக்கு அருகில் வைத்துக்கொள்வதும் பரவலான வழக்கங்கள் ஆகும்.

இன்று உள்ளூர்ச் செடிகளாகக் கருதப்படும் பல தாவரங்கள் பிற நிலப்பகுதிகளிலிருந்து வந்தவை. மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, காகிதப்பூ ஆகியவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நித்தியகல்யாணியின் தாயகம் மடகாசுகர் தீவு. முருங்கை, கறிவேப்பிலை ஆகியவை இந்தியத் துணைக்கண்டத்துக்கு உரியவை.

1835 ஆம் ஆண்டு சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் நிறுவப்பட்டது. 1848 ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் வில்லியம் கிரகாம் மெக்கைவர் மேற்பார்வையில் தாவரவியல் பூங்கா உருவாக்கும் பணி தொடங்கியது. கோயம்புத்தூரில் இயங்கிவந்த வேளாண்மைக் கல்லூரி 1971 ஆம் ஆண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இப்பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை, விதையிலிருந்து ஓராண்டுக்குள் காய்ப்பதால் இடம் குறைந்த வீடுகளிலும் வளர்க்கப்படுகிறது.

நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியபின் தோட்டம் கொல்லையிலிருந்து மாடிக்கு இடம்பெயர்ந்தது. 2010களில் தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத்திற்கான பொருள்களை மானிய விலையில் வழங்கியதும் இதற்கு ஊக்கம் அளித்தது.

செடிகளைத் தேர்ந்தெடுத்தல்

வெயில்

செடியை வாங்குமுன் இடத்தை அளந்தறிதல் வேண்டும். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் தோட்டத்தில் எங்கே வெயில் விழுகிறது என்பதைக் குறித்துக்கொள்வது எளிய வழி ஆகும். காய்கறிகளுக்கும் மல்லிகை, செம்பருத்தி, ரோசா போன்ற பூச்செடிகளுக்கும் நாள்தோறும் ஆறு மணி நேர நேரடி வெயில் தேவை. கீரைகள், புதினா, வெற்றிலை போன்றவை பகுதி நிழலையும் ஏற்கும்.

வெயில் விழும் திசையும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. மார்கழியில் கதிரவன் தெற்குச் சாய்வாகச் செல்வதால், வீட்டின் தெற்குப் பக்கம் நிறைய வெயில் பெறும். வடக்குப் பக்கம் நிழலில் இருக்கும். ஏப்ரல் பிற்பகுதிக்கும் ஆகஸ்ட் பிற்பகுதிக்கும் இடையில் சென்னை போன்ற இடங்களில் நண்பகல் கதிரவன் உச்சிக்கு வடக்கே இருக்கும். ஆகவே டிசம்பரில் நிழலாகத் தெரிந்த வடக்குச் சுவரோரம் மே மாதத்தில் வெயிலில் காயக்கூடும். நிழல் விரும்பும் செடிகளை அங்கு வைப்போர் கோடையில் அவற்றை இழப்பது இதனால்தான்.

மண்

செம்மண் நீரை எளிதில் வடியவிடும். உரத்தைத் தேக்கிவைக்கும் திறன் குறைவு. கோவில்பட்டி, கோயம்புத்தூர் சுற்றுவட்டாரங்களில் காணப்படும் கரிசல் மண் நீரை நெடுநாள் பிடித்துவைக்கும்; மழைக்காலத்தில் வேரை மூச்சுத் திணறச் செய்யும். கடலோர மணல் நீரையும் உரத்தையும் தக்கவைப்பதில்லை. இம்மூன்றுக்கும் பொதுவான மருந்து மக்கிய எரு ஆகும். அது மணலில் நீரைத் தக்கவைக்கிறது. களிமண்ணில் காற்றுக்கு வழிவிடுகிறது.

உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தொடர்ந்து பாய்ச்சும் இடங்களில் மண் காரத்தன்மை அடைகிறது. அத்தகைய மண்ணில் இட்லிப்பூச் செடியின் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதை எடுக்க இயலாமையே காரணம். இந்நிலையில் அரளி, காகிதப்பூ போன்ற தாங்கும் திறன் மிக்க செடிகளைத் தேர்ந்தெடுப்பது நலம்.

நாற்றங்காலில் கவனிக்க வேண்டியவை

* பூத்துக் குலுங்கும் செடியைவிட, மொட்டும் புதுத்துளிரும் உடைய கட்டான செடியே இடமாற்றத்தை நன்கு தாங்கும்.
* இலையின் அடிப்புறத்திலும் கணுக்களிலும் வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சி உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.
* பையின் அடித்துளை வழியாகத் தடித்த வேர்கள் வெளிவந்திருந்தால், செடி நெடுநாள் பையிலேயே அடைபட்டிருக்கிறது என்று பொருள்.
* ஒட்டுச் செடியில் ஒட்டுக் கட்டிய இடம் மண்மட்டத்திற்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழிருந்து கிளைக்கும் தளிர்கள் வேர்ச்செடிக்கு உரியவை. அவற்றை உடனே கிள்ளிவிடாவிட்டால் மேலே உள்ள நல்ல வகை நலிந்துவிடும்.
* மலைப்பகுதிகளிலும் குளிர்ந்த இடங்களிலும் வளர்த்துக் கொண்டுவரப்பட்ட செடிகள் மார்கழி, தை மாதங்களில் சமவெளி நாற்றங்கால்களில் அழகாகப் பூத்திருக்கும். பெட்டூனியா போன்றவற்றை ஒரு பருவத்துக்கு உரியவை என்று அறிந்தே வாங்குதல் வேண்டும். அவை கோடையில் மடிவது வளர்ப்பவரின் தவறு அன்று.

விதைகளைப் பொறுத்தவரை, நாட்டு விதைகளிலிருந்து அடுத்த ஆண்டுக்கான விதையை எடுத்துவைக்கலாம். வீரிய ஒட்டு விதையிலிருந்து பெறப்படும் அடுத்த தலைமுறை, தாய்ச்செடியின் இயல்புகளைச் சீராகக் கொண்டிருப்பதில்லை.

தவிர்க்க வேண்டியவை

அழகுக்காக வளர்க்கப்படும் சில செடிகள் நச்சுத்தன்மை உடையவை. அரளியின் எல்லாப் பகுதிகளும், மஞ்சள் அரளியின் விதைகளும் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள்களைக் கொண்டவை. குன்றிமணியின் விதையும் கடித்து உட்கொள்ளப்பட்டால் உயிருக்கு ஊறு விளைவிக்கும். சிறு குழந்தைகளோ கால்நடைகளோ உள்ள வீடுகளில் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

தோட்ட அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் காடுகளிலும் நீர்நிலைகளிலும் பரவிய செடிகளும் உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை ஏரிகளை மூடியது. உண்ணிச்செடி காடுகளின் அடிமட்டத் தாவரங்களை நெருக்கி அழித்து வருகிறது. வேகமாகப் பரவும் புதிய செடிகளின் வெட்டிய பகுதிகளையும் விதைகளையும் நீர்நிலைகளில் கொட்டலாகாது.

பருவகாலப் பராமரிப்பு

கோடைக்காலம்

மார்ச் மாதம் தொடங்கி வெப்பம் ஏறி, மே மாதத்தில் கத்திரி வெயிலின்போது உச்சத்தை அடைகிறது. இக்காலத்தில் தோட்டத்தின் நோக்கம் வளர்ச்சியன்று, பாதுகாப்பு ஆகும். பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடந்து இரவும் புழுக்கமாக இருக்கும் நாள்களில் தக்காளியின் மகரந்தம் செயலிழக்கிறது. பூக்கள் காய்பிடிக்காமல் உதிர்கின்றன. உரமிட்டு இதைச் சரிசெய்ய இயலாது. மாறாக, வறண்ட மண்ணில் இடும் உரம் வேரைக் கருக்கிவிடும்.

நீரைக் காலை வேளையில் வேரடியில் ஊற்றுவது சிறந்தது. சிறிதளவு நீரை அடிக்கடி தெளித்தால் வேர்கள் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். ஆழமாக நனைத்து இடைவெளி விட்டால் அவை கீழே செல்லும். நிலத்தில் உள்ள செடிகளைச் சுற்றிக் காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை ஆகியவற்றைப் பரப்புவது மூடாக்கு எனப்படும். இது மண்ணிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைப்பதுடன் மண்ணின் வெப்பத்தையும் தணிக்கிறது. சுடப்பட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பிவைக்கும் பானைப் பாசனம், சில நாள்கள் வீட்டில் இல்லாதபோதும் செடியைக் காக்கும்.

நண்பகலில் இலைகள் தொங்குவதைக் கண்டு பதறி நீர் ஊற்றுவது பொதுவான தவறு. இலையின் ஆவியுயிர்ப்பு வேரின் உறிஞ்சலை விஞ்சும்போது ஈரமண்ணில் நிற்கும் செடியும் தற்காலிகமாக வாடும். மாலையில் தானாக நிமிரும். மாலையிலும் நிமிராத செடிக்கும், விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்க்கையில் ஈரம் தட்டுப்படாத மண்ணுக்குமே நீர் தேவை.

மல்லிகை இக்காலத்திற்கு உரிய பூ ஆகும். காகிதப்பூவும் வறட்சியில்தான் மிகுதியாகப் பூக்கும். நீர் மிகுந்தால் இலை தழைத்துப் பூ குறையும். சரக்கொன்றை சித்திரையில் மஞ்சள் சரங்களாகப் பூக்கிறது.

2019 ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டபோது, வீட்டுத் தோட்டங்களுக்கு நல்ல நீரைப் பயன்படுத்துவது இயலாததாயிற்று. அத்தகைய காலங்களில் அரிசி, காய்கறி கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீர் உப்பற்றது, அதையும் பயன்படுத்தலாம். எதிர்ச்சவ்வூடு பரவல் முறைச் சுத்திகரிப்பானிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் உப்பு செறிந்திருப்பதால், அதை மட்டுமே தொடர்ந்து ஊற்றுவது தொட்டி மண்ணைக் கெடுக்கும். நீர் மிகவும் குறைந்தால் பருவச் செடிகளைக் கைவிட்டு, பல ஆண்டு வளர்ந்த மரங்களைக் காப்பாற்றுவதே முறை. கத்தரிச் செடியை மூன்று மாதத்தில் மீண்டும் பெறலாம். மாமரத்தை அவ்வாறு பெற இயலாது.

ஆடி முதல் புரட்டாசி வரை

தோட்ட ஆண்டு உண்மையில் தொடங்குவது இக்காலத்தில்தான். கோடையில் மக்கவைத்த எருவை மண்ணில் கலந்து, ஆடியில் கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றை நாற்றுவிட்டு, வெண்டை, அவரை, பாகல், புடல், பீர்க்கு, பூசணி ஆகியவற்றை நேரடியாக ஊன்றலாம். விதையை அதன் பருமனைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்றுவது பொது விதி. நுண்ணிய கீரை விதைகளை மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும்.

பூசணிக் குடும்பக் கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாக உள்ளன. முதலில் ஆண்பூக்களே மிகுதியாகத் தோன்றி உதிரும், இது நோயன்று. தேனீக்கள் வராத உயர்ந்த மாடிகளில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் சூல்முடியில் தடவிவிடலாம். பூசணிக்கு இதைக் காலையில் செய்தல் வேண்டும். பீர்க்கு மாலையிலும் புடல் இரவிலும் மலர்வதால் அவற்றுக்கு அந்திப்பொழுதே ஏற்றது.

பழமரக் கன்றுகளையும் நிலைத்த பூச்செடிகளையும் நடுவதற்கும் இதுவே காலம். புரட்டாசிக்குள் மரங்களின் அடர்ந்த கிளைகளைக் கழித்து, காற்று ஊடுருவ வழிசெய்தல் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செடிகள் மடிவதற்கு முதன்மையான காரணம் நீர் மிகுதி ஆகும். மண்ணின் நுண்துளைகள் நீரால் நிறையும்போது வேர்களுக்கு உயிர்வளி கிடைப்பதில்லை. வேர் செயலிழந்த செடியின் இலைகள் நீரின்றி வாடியவைபோலவே தொங்கும். இதைக் கண்டு மேலும் நீர் ஊற்றினால் செடி மடிவது உறுதி. கோடையில் வாடுவதற்கும் மழைக்காலத்தில் வாடுவதற்கும் தோற்றம் ஒன்று, காரணம் நேரெதிர் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பப்பாளி ஓரிரு நாள்கள் நீர் தேங்கினாலே அழுகிவிடும். எனவே அதனை மேட்டுப்பாத்தியில் நடுதல் நலம்.

மழைக்கு முன் தொட்டிகளின் அடித்துளைகளைக் குத்தித் திறந்துவிடுதல், அடித்தட்டுகளை அகற்றுதல், நிலத்தில் வடிகால் வெட்டுதல் ஆகியவை தேவையானவை. அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு முட்டையிடுகிறது. முட்டை முழுக் கொசுவாவதற்கு ஒரு வாரமளவே போதுமாதலால், தட்டுகளை வாரத்துக்கு ஒருமுறையேனும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இது புயல்களின் காலமும் ஆகும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலில் நகரின் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த கஜா புயல், காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகளை அழித்தது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் மாடித் தொட்டிகளைத் தரையில் சுவரோரம் நெருக்கிவைப்பதும், பந்தல்களையும் நிழல்வலைகளையும் கழற்றுவதும் செடிகளைவிட முதலில் மனிதர்களைக் காக்கும். முருங்கையின் கிளை எளிதில் முறியக்கூடியது. ஆதலின் வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் அருகில் அதை ஓங்க விடலாகாது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் பெய்யும் 1 மில்லிமீட்டர் மழை 1 லிட்டர் நீராகும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஐப்பசியில் நிலத்துக்குள் இறக்கும் நீரே வைகாசியில் கிணற்றில் கிடைக்கும் நீர் ஆதலால், இதுவும் தோட்டப் பராமரிப்பின் ஒரு பகுதியே ஆகும்.

மார்கழி முதல் மாசி வரை

மழை ஓய்ந்து, மண்ணில் ஈரமும் வானில் மிதமான வெயிலும் இருக்கும் இக்காலம் தோட்டத்தின் பயன்காலம் ஆகும். முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி, பூக்கோசு ஆகியவை சமவெளிகளிலும் நன்கு வளர்கின்றன. சாமந்தியும் டிசம்பர்ப் பூவும் பூக்கின்றன.

மழையில் கரைந்து வெளியேறிய சத்துகளை ஈடுசெய்ய மக்கிய எரு, மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றை இடவேண்டியதும் இப்போதுதான். மல்லிகைச் செடியை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டால், மார்ச் முதல் புதுக்கிளைகளில் மிகுதியாகப் பூக்கும். வெட்டத் தயங்கி விட்டுவிடும் செடி உயரமாகக் கொடியோடிச் சில பூக்களையே தரும். மாறாக மாமரத்திற்கு இக்காலத்தில் நீர் பாய்ச்சுவதைக் குறைத்தல் வேண்டும். நீர் மிகுந்தால் பூங்கொத்துக்கு மாறாகத் துளிர் கிளம்பும். பிஞ்சு பிடித்தபின் மீண்டும் நீர் தரலாம்.

தையில் வெண்டை, வெள்ளரி, பாகல், கீரைகள் ஆகியவற்றை விதைப்பது தைப்பட்டம் ஆகும். கத்திரி வெயிலுக்கு முன் அறுவடை முடியும்படி குறுகிய காலப் பயிர்களையே தேர்ந்தெடுத்தல் நன்று. சிறுகீரையை ஒரு மாதத்திற்குள் பறித்துவிடலாம்.

தோட்ட நாள்காட்டி

கீழ்க்காணும் பட்டியல் சமவெளிப் பகுதிகளுக்கு உரியது. மழை தொடங்கும் நாளைப் பொறுத்து இரண்டு, மூன்று வாரங்கள் முன்பின்னாக மாறலாம்.

* சித்திரை, வைகாசி - மூடாக்கு, நிழல்வலை, காலை நீர். உரமும் இடமாற்றமும் கூடா
* ஆனி - எரு கலத்தல், பாத்தி அமைத்தல், விதை திரட்டல்
* ஆடி - நாற்றுவிடல், கொடிவகைகள் ஊன்றல்
* ஆவணி - நாற்றுப் பறித்து நடல், பந்தல் அமைத்தல், மரக்கன்று நடல்
* புரட்டாசி - கிளை கழித்தல், வடிகால் சீரமைத்தல்
* ஐப்பசி, கார்த்திகை - நீர் தேங்காமல் காத்தல், நத்தைகளைப் பொறுக்குதல், கார்த்திகை நடுவில் மல்லிகை வெட்டுதல்
* மார்கழி - எருவிடல், வேர்க்காய்கறிகள் விதைத்தல்
* தை - தைப்பட்ட விதைப்பு
* மாசி, பங்குனி - அறுவடை, விதை எடுத்தல், கோடைக்கான மூடாக்குத் திரட்டல்

மாடித் தோட்டம்

மாடியில் முதலில் எண்ண வேண்டியது எடை ஆகும். ஒரு கன அடி ஈரமண் 45 முதல் 50 கிலோகிராம் வரை எடையுள்ளது. எனவே மண்ணுக்கு மாற்றாகத் தென்னைநார்க் கழிவும் மக்கிய எருவும் மிகுதியாகக் கலந்த இலேசான கலவை பயன்படுத்தப்படுகிறது. பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், சுவர்களும் உத்திரங்களும் தாங்கும் ஓரங்களில் வைத்தல் வேண்டும். தொட்டிகளைச் செங்கல் மீது உயர்த்திவைத்தால் தளத்தில் நீர் கசிவதையும், கோடையில் தளத்தின் சூடு வேரைத் தாக்குவதையும் தவிர்க்கலாம். கறுப்பு நிறத் தொட்டிகளும் பைகளும் வெயிலில் மிகவும் சூடேறும். அவற்றை வெண்ணிறச் சாக்கினால் போர்த்துவது பயன்தரும்.

பூச்சிகளும் நோய்களும்

பூச்சிகளும் பருவத்தைப் பின்பற்றியே வருகின்றன. மாவுப்பூச்சியும் சிலந்திப் பேன்களும் வறண்ட கோடையிலும், பூஞ்சை நோய்களும் நத்தைகளும் மழைக்காலத்திலும் மிகும். முருங்கைத் தண்டில் கூட்டமாக மொய்க்கும் கம்பளிப்பூச்சிகள் மழைக்காலத்தில் தோன்றுகின்றன. அவற்றின் மயிர் தோலில் பட்டால் அரிப்பு உண்டாகும். இவை தண்டில் திரளும் வேளையில் சவர்க்கார நீர் தெளித்து அகற்றலாம். இதற்காக மரத்தையே வெட்டுவது தேவையற்றது.

வேப்பெண்ணெய் 5 மில்லிலிட்டரைச் சிறிது சவர்க்காரக் கரைசலுடன் கலந்து 1 லிட்டர் நீரில் கரைத்து மாலை வேளையில் தெளிப்பது வீட்டுத் தோட்டங்களில் பரவலான முறை ஆகும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

எல்லாப் பூச்சிகளும் பகையல்ல. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் காணப்படும் பச்சைப் புழுக்கள் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்பருவம் ஆகும். வளர்ந்த செடி அவற்றைத் தாங்கும். 2008 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியுடன் செம்பருத்தி, மல்பெரி எனப் பல செடிகளுக்கும் பரவி, பூச்சிக்கொல்லிகளுக்குக் கட்டுப்படாமல் பேரழிவை உண்டாக்கியது. 2010 ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட அசெரோபேகசு என்னும் மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவி வெளியில் விடப்பட்டபின் அது வெகுவாகக் கட்டுப்பட்டது. கண்ட பூச்சிக்கெல்லாம் நஞ்சு தெளித்தால் இத்தகைய நன்மை செய்யும் குளவிகளும் அழிந்துவிடும்.

விதிவிலக்கான பகுதிகள்

ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் டிசம்பர், சனவரி மாத இரவுகளில் உறைபனி விழுகிறது. அங்கு இளஞ்செடிகளை இரவில் மூடிவைக்க வேண்டும். கோடை அங்கே பூக்களின் காலம் ஆகும். மே மாதத்தில் அங்கு மலர்க்கண்காட்சி நடைபெறுவதும் இதனாலேயே. குளிர்நாட்டு நூல்களின் நாள்காட்டி தமிழ்நாட்டில் ஓரளவேனும் பொருந்துவது இத்தகைய மலைப்பகுதிகளுக்கே ஆகும். கன்னியாகுமரி மாவட்டம் இரு பருவமழைகளையும் பெறுவதால், அங்கு சூன் மாதத்திலேயே நடவு தொடங்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* ஆடிப்பட்டம்
* பெரும்பொழுது
* மாடித் தோட்டம்
* மூடாக்கு
* மண்புழு உரம்
* மழைநீர் சேகரிப்பு
* வடகிழக்குப் பருவமழை